பதினேழு ரூபாயும் ஒரு பக்கக் கடிதமும்

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லப் போகிறேன். ஆறு ஆண்டுகளாக ஏறி இறங்கிய இந்த மாடிப்படியில் இனி ஏறப் போவதில்லை. அதற்கு ஓய்வு என்பதைவிடக் கௌரவமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு யாராவது நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் மலர்விழி எழுதமாட்டார்; எழுதினாலும் நாலே வார்த்தைதான் எழுதுவார். ஆகவே அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் ஒப்படைக்கவில்லை, நானே ஏற்றுக்கொண்டேன்.

நீங்கள் வந்திருக்கும் காலம் நல்ல காலம். போட்டிச் சட்டத்தின் தண்டிக்கும் பிரிவுகள் அமலுக்கு வந்துவிட்டன. விலையைக் கூடிப் பேசி ஏற்றுகிறவர்கள் மீது இனிமேல் நீங்கள் புகார் எழுதலாம்; அதற்குப் பதிலும் வரும். நாங்கள் தொடங்கிய நாளில் சட்டம் நிறைவேறியிருந்தது, ஆணையம் அமைந்திருந்தது, பிரிவுகள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தன. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸ் கடையின் மாடியில், இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும் கொண்ட எங்கள் நுகர்வோர் அமைப்புக்கு இருந்த ஒரே ஆயுதம் பேச்சு. அதனால்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை நான் அடக்கமாக இருக்க வழியில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்கிய கோப்பைகள் இருபத்துமூன்று. எதிரணியில் நின்றவர்களில் இருவர் பின்னர் என் அணிக்கு மாறினார்கள். நேர்முகத் தேர்வில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள், பதினான்கு நிமிடம் பேசினேன், யாரும் தடுக்கவில்லை. அது என் சொல்லின் வலிமை என்று நம்பினேன். குழுவில் ஒருவர் உறங்கிவிட்டார், அவரை எழுப்ப மற்றவர் தயங்கினார் என்று ஓராண்டு கழித்து மலர்விழி சொன்னார். அந்த அறையின் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் ஆய்வு அலுவலர் அவரே. என் வயதுதான். மேடை ஏறியதே இல்லை.

மனு எழுதும் முறையும் கோப்பு கட்டும் முறையும் அலமாரியில் இருக்கின்றன; அவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடிவுகள் வந்து, பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைக்காக ஊரே காத்திருந்த நேரம் அது. இரும்புலியூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் பிரவுசிங் சென்டர்கள். மணிக்குப் பத்து ரூபாய், சில இடத்தில் பன்னிரண்டு, ஏ.சி. இருந்தால் பதினைந்து. ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாக் கடையிலும் பதினேழு.

பதினேழு என்ற எண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் எந்த வியாபாரியும் மனமறிந்து பதினேழு ரூபாய் என்று விலை வைக்கமாட்டார். இருபது ரூபாய்த் தாளை நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் மூன்று ரூபாய் சில்லறை தேட வேண்டும். மலர்விழி அன்றே கேட்டார், ஏன் பதினேழு என்று. அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியவில்லை. ஒரே நாள், ஒரே விலை. ஆகவே கூட்டுச் சதி. என் மனம் அதற்குள் முடிவுரைக்குப் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமையே பொதுக்கூட்டம் கூட்டினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மேல் மண்டபத்துக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. சென்டர்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். திரைமறைவில் கூடினார்கள் என்றேன். மாணவனின் வியர்வையில் விலை எழுதினார்கள் என்றேன். சட்டத்தின் மூன்றாம் பிரிவு அவர்கள் வாசலில் வந்து நிற்கிறது என்றேன். ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை. அது இல்லாத குறை கேட்பவர்களுக்குத் தெரியாதபடி பேசுவதுதானே பேச்சுக்கலை.

நான் அமர்ந்ததும் முன்வரிசையிலிருந்து சேகர் எழுந்தார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் எதிரே இருபது மெஷின் போட்டிருந்தவர். இந்த வட்டாரத்தில் பெரிய கடை அவருடையது. கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"நல்லா பேசினீங்க சார். அந்த மூணாவது பிரிவு இன்னும் அமலுக்கே வரலியே. நம்ம கடையிலதான் நெட்ல பாத்தேன். பிரிண்ட் எடுத்தாந்துகிறேன், வேணுமா?"

கூடம் சிரித்தது. மூன்றாம் பிரிவு வாசலில் நிற்கவில்லை, டெல்லியில் படுத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூடுவாஞ்சேரிக்கும் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. சேகர் உட்காரவில்லை. கடைசி வரிசையில் தனியாக அமர்ந்திருந்த ஒரு பெண்ணைக் கை காட்டினார்.

"அப்புறம் நாங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசினோம்னீங்க. தோ, அந்தம்மாகூட நான் பேசியே ரெண்டு வருசம் ஆவுது. நான் எங்கேர்ந்து சதி பண்றது?"

"என் வெப்கேமக் குடுத்தா பேசுறேன்," என்றார் அந்தப் பெண், எழுந்திருக்காமலே.

"அது என்னுது."

"என் காசுல வாங்கினது."

அந்தப் பெண் ஸ்டெல்லா அக்கா. சேகரின் கடையில் நான்கு ஆண்டு ஆபரேட்டராக இருந்துவிட்டு, இரும்புலியூரில் ஆறு மெஷினுடன் சொந்தக் கடை போட்டவர். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் இருந்து சேகரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு எதிர்த்திசை ரயில் ஏறினார்கள். அவர் வேலையை விட்ட நாளில் ஒரு வெப்கேம் யாருடையது என்ற தகராறு எழுந்து, அது இன்னும் தீரவில்லை. என் கூட்டத்தின் எஞ்சிய அரை மணி நேரம் அந்த வெப்கேமுக்குப் போயிற்று. கைதட்டலும் அதற்குத்தான் கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு என்றும் பாராமல் ஸ்டெல்லா அக்கா எங்கள் மாடியேறி வந்தார். என்னைப் பார்த்து, "பேச்சாளர் தம்பி, நேத்து நீங்க எங்க யாரையுமே ஒரு கேள்வி கேக்கல," என்றார். பிறகு மலர்விழிக்கு எதிரே உட்கார்ந்தார். என் மேசைக்கு எதிரேயும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது இது. எல்லா சென்டரிலும் யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்று கணக்கிடும் டைமர் என்றொரு மென்பொருள் உண்டு. இந்தச் சாலை நெடுக எல்லாரும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தின் டைமரைத்தான் வைத்திருந்தார்கள். போன வாரம் அதன் புதிய பதிப்பு இணையம் வழியே தானாகவே வந்து இறங்கியது. இறங்கியதும் விலையைப் பதினேழு என்று தானே மாற்றிக்கொண்டது. பக்கத்துக் கடையும் பதினேழு என்பதால் மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டெல்லா அக்கா மறுநாள் காலையிலேயே பழையபடி பத்து என்று மாற்றினார். உடனே சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் விலை வட்டார விலைக்குக் கீழே இருக்கிறது, பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால், ஒவ்வொரு மெஷினும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பூட்டிக்கொள்ளும். புதிய பதிப்பில் ஒவ்வொரு மணிக்கும் அந்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். விலை ஏறினால் பங்கும் ஏறும்.

டைமரைத் தூக்கி எறிந்துவிடலாமே என்றேன். முடியாது என்றார். அவர் கடையில் நூற்றெண்பது மாணவர்கள் முன்பணம் கட்டி மணிநேரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பது டைமருக்குள் இருக்கிறது. அந்தந்தப் பையன் தன் கடவுச்சொல்லைப் போட்டால்தான் திரையில் வரும்.

"டைமர் போச்சுன்னா அதுவும் போச்சு. நாளைக்கு அந்தப் பசங்க முகத்துல நான் எப்படித் தம்பி முழிக்கிறது? ரேங்க் லிஸ்ட் வர்ற வாரத்துல கடை பூட்டிக்கிச்சுன்னா அப்புறம் யாரு என் கடைக்கு வருவா?"

மலர்விழி கால்குலேட்டரை எடுத்து எதையோ பெருக்கி என் பக்கம் திருப்பினார். அந்த நிறுவனம் இருந்த நாட்டின் நாணயத்தில் முப்பது சென்ட். நம் கணக்கில் பதினேழு ரூபாய். அவர்கள் ஊரில் அது ஒரு முழு எண்.

நண்பர்களே, இங்கே ஒரு நொடி நில்லுங்கள். விலைக் கூட்டு என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு சத்தியம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே இருபது பேர் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. பலருக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது. அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்காக ஒரு மென்பொருள் கூடிப் பேசி முடித்துவிட்டது. சட்டம் எல்லைக்குள் தூங்கியது; சதி எல்லைக்கு வெளியே விழித்திருந்தது. நானோ சாப்பாட்டுக் கூடத்தில் அப்பாவிகளைப் பார்த்துக் கர்ஜித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிறுவனம் இருந்தது வட ஐரோப்பாவின் ஒரு சிறிய நாட்டில். அந்நாட்டின் போட்டி ஆணையம் அதே நிறுவனத்தின் உரிம நிபந்தனைகளை ஆராய்ந்து வருகிறது என்ற ஒற்றை வரியை மலர்விழி இரண்டு நாள் தேடி அவர்களுடைய இணையதளத்தில் கண்டுபிடித்தார். அவர்களுக்கு எழுதலாம் என்றார். எழுதுவது என் பணி என்றேன்.

பதினைந்து நாளில் எட்டு நாள் மிச்சம் இருந்தது. அதில் நான்கு நாளை நான் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். இரு கண்டங்களின் கடல் வாணிபத்தில் தொடங்கி, விலை என்பது சுதந்திர மனிதர்களின் உரையாடல் என்று வளர்த்து, எட்டாம் பக்கத்தில் இரும்புலியூருக்கு வந்தேன். இன்றும் அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். அனுப்பிய மறுநாளே பதில் வந்தது. அங்கே அந்த விசாரணையைக் கவனித்த அம்மையார் எழுதியிருந்தார்: தங்கள் கடிதத்தை நாங்கள் மூவர் படித்தோம். மிகவும் அழகாக இருக்கிறது. தங்கள் கேள்வி என்ன?

"கேள்வி எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று மலர்விழி கேட்டார். பதினொரு பக்கத்தையும் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. இது நீதியா, என்று இருந்தது.

அன்று மாலையே மலர்விழி ஒரு பக்கம் எழுதினார். என்ன நடந்தது, எந்த நாளில், எந்த அறிவிப்பு. கீழே ஒரே கேள்வி: இதே அறிவிப்பு உங்கள் நாட்டுக் கடைகளுக்கும் வருகிறதா? அதற்கு வந்த பதிலில் அம்மையார் தம்மிடம் உள்ள எதையும் சொல்லச் சட்டம் அனுமதிக்காது என்று முதலில் எழுதிவிட்டு, தமக்கு எவையெல்லாம் பயன்படும் என்பதைச் சொன்னார். வெவ்வேறு ஊரில், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இரண்டு கடைக்காரர்கள் தங்கள் திரையில் இருப்பதைப் பகிர எழுத்துமூலம் இசைவு தர வேண்டும். மேலும், அந்தப் பூட்டு, அப்படி ஒன்று இருந்தால், அது விழுவதை முறைசாராமல் ஒருமுறை இணைய வீடியோவில் தம் கண்ணால் பார்க்க அவருக்கு விருப்பம்.

மலர்விழி ‘அப்படி ஒன்று இருந்தால்’ என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். "பூட்டே இல்லன்னு யாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க," என்றார்.

வெளிநாட்டு அலுவலர் ஒருவர் சட்டத்துக்குள் நின்றுகொண்டு நமக்கு உதவுவது இப்படித்தான் இருக்கும். அவர் சொன்னதைவிட, அதைச் சொன்ன விதத்தைப் படிக்க வேண்டும். பதினொரு பக்கம் எழுதுகிறவனுக்கு அந்தப் படிப்பு வராது.

தொடர்பில்லாத இரண்டு கடைக்காரர்களுக்கு நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கும் சேகருக்கும் எந்த உறவும் இல்லை என்பதற்கு ஒரு கூடம் நிறையச் சாட்சி இருந்தது; கூட்டம் கூட்டியவன் நானே. ஆனால் மற்றவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்காமல் தான் போடப் போவதில்லை என்று இருவருமே சொன்னதால், இருவரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும். போட்டியாளர்களை ஒரே மேசையில் உட்கார விடாதே என்பது நம் தொழிலின் முதல் பாடம். உட்காருங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு நான் வந்திருந்தேன்.

அவர் இரும்புலியூருக்கு வர மாட்டார்; இவர் கூடுவாஞ்சேரிக்குப் போக மாட்டார். எங்கள் அலுவலகத்துக்கும் வரத் தயக்கம். மற்றவர் முன்னாலேயே வந்து நம்மை மடக்கிவைத்திருப்பாரோ என்று இருவருக்கும் சந்தேகம். கடைசியில் நடுவே உள்ள வண்டலூர் ஸ்டேஷனில், பதினான்காம் நாள் மாலை, நடைமேடையில் ஒரு சிமெண்ட் பெஞ்சின் இரு முனைகளில் இருவரும் அமர்ந்தார்கள். நடுவில் மலர்விழி. நான் நின்றேன், நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும். ரேட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மற்றது எதையும் பேசலாம் என்று விதி சொன்னேன். ரெண்டு சென்டர்காரர்கள் உட்கார்ந்தால் வேறு என்னத்தைப் பேசுவது என்று சேகர் நியாயமாகவே கேட்டார்.

இசைவுக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். தன் வியாபார ரகசியமெல்லாம் கடல் தாண்டிப் போய்விடுமோ என்று கவலைப்பட்டார்.

"உனக்கு இன்னா ரகசியம்?" என்றார் ஸ்டெல்லா அக்கா. "மூணாவது மெஷின்ல என்டர் பட்டன் அமுங்காது. அதானே?"

"அது நீ உடைச்சது."

நான் நிலைமையைக் கையில் எடுத்தேன். தேச எல்லைகளைக் கடந்த நியாயம் என்று தொடங்கினேன். செங்கல்பட்டு ரயில் வந்தது. அது போனதும் மீண்டும் தொடங்கினேன். எதிர்த்திசையில் கடற்கரை ரயில் வந்தது. இரண்டும் போய்ச் சத்தம் அடங்கியபோது சேகர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

"அந்தம்மாகிட்ட தோத்தா பரவால்ல சார்," என்றார். "நம்ம கடையில வேலை கத்துக்கினு போன பொண்ணு. டைமருகிட்ட நான் தோக்க மாட்டேன். என் கடையில ரேட்டு சொல்ல அவன் யாரு?"

ஸ்டெல்லா அக்காவும் கையெழுத்திட்டார். அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். சேகர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாதது போல, டைமரின் பழைய பதிப்பு சிடி ஒன்று தன்னிடம் கீது என்றார். அது நெட்டைத் தேடாது. அதைப் போட்டால் பூட்டு விழாது. பையன்களின் கணக்கையும் அது படிக்கும். ஆனால் பூட்டு விழுந்த பிறகு போட்டால் படிக்குமா என்று தெரியாது. சட்டைப் பையிலிருந்து சிடியை எடுத்துப் பெஞ்சின் மீது வைத்தார்.

மறுநாள் பதினைந்தாம் நாள். அன்றிரவே சிடியைப் போட்டால் ஸ்டெல்லா அக்காவின் கடை பிழைக்கும், பூட்டு விழாது, அம்மையார் பார்க்க ஒன்றும் இருக்காது. போடாவிட்டால் ஆதாரம் கிடைக்கும்; நூற்றெண்பது பேரின் கணக்கும் கடையின் பெயரும் போனாலும் போகலாம்.

ஸ்டெல்லா அக்கா என்னைத்தான் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்த ஒரு கடையின் தியாகம் ஆயிரம் கடைகளின் விடுதலை என்று தொடங்கினால், ஏழு நிமிடத்தில் அவரைச் சம்மதிக்க வைத்திருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னால் முடியும், அவ்வளவுதான். அடுத்த ரயிலுக்கும் நேரம் இருந்தது.

"பூட்டு விழட்டும்னு விட்டா, அந்த ஊர்க்காரங்க பாத்துட்டு என் கடையத் திறந்து விடுவாங்களா தம்பி?"

"தெரியாதுக்கா."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியாதுக்கா. சிடியப் போட்டீங்கன்னா உங்களுக்கு நல்லது. ஆதாரம் போறது எங்களுக்குத்தான்."

வாழ்நாளில் ஒரு கேள்விக்கு அவ்வளவு மோசமான விடையை நான் சொன்னதில்லை. மலர்விழி முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டெல்லா அக்கா சிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார்:

"ஒரே ஒரு மெஷின்ல மட்டும் பூட்டு விழுந்தாப் போதாதா? ஆறையும் ஏன் குடுக்கணும்?"

கணக்குப் பார்க்கும் கவுண்டர் மெஷினிலும், வருகிறவர்கள் உட்காரும் ஆறில் ஐந்திலும் பழைய சிடி. ஆறாவது மெஷினில், மவுஸ் தகராறு செய்கிற அந்த மூலை மெஷினில், புதிய டைமர் அப்படியே இருக்கட்டும். அது தனியாக நெட்டுக்குப் போய்த் தன் பூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். கடையும் பிழைக்கும், பூட்டும் விழும். சட்டம் படித்த எனக்கும், ஆய்வு செய்கிற மலர்விழிக்கும், இருபது மெஷின் வைத்த சேகருக்கும் தோன்றாதது. நான் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தால், யோசிக்க அவருக்கு நேரமே கிடைத்திருக்காது. ஆறு மெஷினையும் எடுத்து என் கையில் தந்திருப்பார். நானும் நன்றியுரை ஆற்றி வாங்கியிருப்பேன். இளைய நண்பர்களே, இந்த மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பிற்பகல், அங்கே அவர்களுக்குக் காலை, இரும்புலியூர்க் கடையில் கூடினோம். வீடியோவில் பேச வெப்கேம் வேண்டும். ஸ்டெல்லா அக்காவிடம் இல்லை. சேகர் ஒரு பழைய துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். காட்டுவதற்கு மட்டும், கொடுப்பதற்கு இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஐந்தாவது மெஷினில் அம்மையாரோடு பேச்சு. கேமரா ஆறாவது மெஷினின் திரையையும் பக்கத்தில் நின்ற எங்களையும் நோக்கி. மலர்விழி ஆறாவதைத் தொடங்கிவைத்தார். நான் ஒரு நிமிடம் வரவேற்புச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

ஐரோப்பிய முகம் ஒன்று கட்டம் கட்டமாகத் திரையில் தெளிந்து, தயவாகத் தலையசைத்தது. முன்னால் அப்படி ஓர் அவை அமைந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். இரு நாட்டு நட்புறவுக்கு வந்தேன். எதிர்காலத் தலைமுறைக்கு வந்தேன். மலர்விழி என் முழங்கையை இரண்டு முறை தொட்டார். டிஜிட்டல் யுகத்தில் எல்லைகள் என்ற இடத்துக்கு நான் வந்தபோது, ஆறாவது மெஷினின் திரை கறுத்து, சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன.

அம்மையார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். யாரும் எதையும் தொட வேண்டாம் என்றார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த அறிவிப்பை வரி வரியாக வாய்விட்டுப் படித்தார். என் பேச்சு நடந்த பத்து நிமிடமும் அவர் கண்ணாடி மேசை மீதுதான் கிடந்தது. ஸ்டெல்லா அக்காவிடம் மூன்று கேள்வி, சேகரிடம் இரண்டு. கடைசியில் அந்தத் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லி நன்றி கூறினார்.

நான் வெட்கத்தோடு ஒதுங்கி நின்றேன். ஸ்டெல்லா அக்கா என் தோளில் தட்டினார். "நீ பேசலன்னா பத்து நிமிஷம் அந்தம்மாவும் நாங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு இருந்திருப்போம் தம்பி," என்றார். ஆறு ஆண்டுகளில் என் பேச்சுக்குத் தொழில்முறையில் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், எழுதி வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு எந்தக் கடிதமும் இல்லை. தீர்ப்பும் இல்லை, அறிக்கையும் இல்லை. மூன்று வாரம் கழித்து டைமரின் இன்னொரு புதிய பதிப்பு இறங்கியது. அதில் வட்டார விலையும் இல்லை; சிவப்பு எழுத்தும் இல்லை; பூட்டும் இல்லை. மூலை மெஷினும் திறந்துகொண்டது. இது உங்கள் ஆணையத்தின் செயலா, எங்கள் ஆதாரத்துக்கு இதில் பங்குண்டா என்று அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். இம்முறை இரண்டே வரி எழுதினேன். அதுபற்றித் தாம் எதுவும் கூற இயலாது என்றும், தம் ஊரில் இன்று வெயில் மிக நன்றாக அடிக்கிறது என்றும் பதில் வந்தது. மலர்விழி அதை அச்செடுத்து, வழக்குக் கோப்பின் கடைசித் தாளாக, தீர்ப்பு வைக்கும் இடத்தில் வைத்தார்.

இரண்டு நாளில் ஸ்டெல்லா அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். இனிப்பு கொண்டுவருகிறார் என்று நினைத்து நான் மேசையைத் துடைத்தேன். கை வெறுமையாக இருந்தது; முகம் சிவந்திருந்தது. சேகர் எட்டு ரூபாய்க்கு இறக்கிவிட்டார். இறக்கியது மட்டுமல்ல; எட்டு ரூபாய் என்று ஆள் உயரத்தில் எழுதி, அந்தப் போர்டை இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில், இவர் கடைக்கு நேர் எதிரே கட்டியிருக்கிறார்.

"இதுக்கா தம்பி அன்னிக்கு அவ்ளோ பாடுபட்டோம்? நீங்க கேக்க மாட்டீங்களா?"

போட்டியின் மாண்பு குறித்து என்னிடம் இருபது நிமிடத்துக்கான சரக்கு இருந்தது; முன்னுரை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மலர்விழி நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

"இதுக்குத்தான்க்கா," என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மின்விசிறியைப் பார்த்தார். விரலால் ஏதோ கணக்குப் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அப்ப நான் ஏழு."